குருவிப்பாறையின் பன்னிரண்டு பெட்டிகள்

முப்பத்தெட்டு வருடம் நான் வாங்கிய சம்பளம் என் மூக்குக்குத்தான். கை கணக்கு எழுதியது, கால் மாடிப்படி ஏறி இறங்கியது, வாய் வியாபாரிகளோடு பேசியது. ஆனால் விருதுநகர் ஏலக்காய் மண்டியில் என்னை அத்தனை காலம் வைத்துக்கொண்டதற்குக் காரணம் மூக்கு ஒன்றுதான். வேறு எதையும் முதலாளி பாராட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

போன மாதம் போடியில் ஏல மையத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். வரிசையாகக் கம்ப்யூட்டர். ஒவ்வொரு வியாபாரியின் முன்னாலும் சின்னத் தட்டில் மாதிரிக் காய். திரையில் எண் ஏறுகிறது, நிற்கிறது, அடுத்த லாட் வந்துவிடுகிறது. எனக்கு அது பிடித்திருந்தது. கூச்சல் இல்லை, ஒளிவுமறைவு இல்லை. பக்கத்தில் இருந்த இளம் வியாபாரி ஒருவர், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எப்படி விலை வைத்தீர்கள், ரொம்ப உசத்தியான சரக்கு கொஞ்சமாக வந்தால் யாருக்குக் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டார். டீ குடித்துக்கொண்டே பாதி சொன்னேன். அதற்குள் அவருடைய லாட் வந்துவிட்டது. சொல்லாமல் விட்ட பாதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆமத்தூர். பருத்தியும் கம்பும் விளையும் நாலு ஏக்கர் கரிசல். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் மண்டியில் கடிதம் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஐம்பதுகளின் தொடக்கம் அது. இரண்டு வருடம் தபாலும் ரயில்வே ரசீதுமாகப் போயிற்று. ஒருநாள் கடிதக் கட்டைக் கொடுக்க மாடி அறைக்குப் போனபோது முதலாளி இரண்டு தட்டுகளை என் பக்கம் நகர்த்தி, இதில் எது போன வருடக் காய் என்று கேட்டார். முகர்ந்துவிட்டு இடது பக்கத் தட்டு என்றேன். எப்படித் தெரியும் என்றார். இதில் எங்கள் வீட்டு வெண்கலப் பானையின் வாசம் வருகிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் என் மேசையை மாடிக்குத் தூக்கிவிட்டார்கள்.

முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே. குட்டையான ஆள். முழுக்கைச் சட்டை, பையில் ஒரு நல்ல பேனா. அந்தப் பேனாவால் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. விலை எழுதுவதெல்லாம் காதில் செருகிய துண்டுப் பென்சிலால்தான். விலை என்பது அழித்து எழுதத் தோதாக இருக்க வேண்டும் என்பார்.

மண்டியின் கீழ்த்தளத்தில் மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு. ஏலக்காய்க்கு மட்டும் மாடி. வத்தல் நெடி மேலே வராதபடி ஏலக்காய் அறைக்குத் தனிப் படிக்கட்டு உண்டு. அதில் ஏறும் முன் முகம் கழுவ வேண்டும். பொடி போடுகிறவன், வெற்றிலை மெல்லுகிறவன், தலைக்கு வாசனை எண்ணெய் தேய்த்தவன் யாரும் மேலே வரக்கூடாது. எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் உள்ளேயிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது.

"என்னலே, ஒரு பூந்தோட்டத்தையே கொண்டாந்திருக்கே. போ போ, அந்த மல்லிகைப்பூ வாசம் போன பெறவு வா."

சம்பளத்தோடு ஒரு வாரம் லீவு கொடுத்தார். என் மனைவிக்கு அண்ணாச்சி மேல் மரியாதை உண்டானது அன்றுதான்.

காய்க்கு விலை வைக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் கைவிட்டு எடுப்போம். வெள்ளைப் பீங்கான் தட்டில் கொட்டி, வெயில் நேராக விழாத வடக்கு ஜன்னலடியில் வைத்து நிறம் பார்ப்போம். பிறகு சல்லடை. பெரிய கண்ணில் நிற்பது பருவட்டு, முதல் ரகம். அதற்கடுத்தது நடப்பு. பிறகு ஒரு பித்தளை உழக்கில் தலைதட்டி அளந்து எடை போடுவோம். உள்ளே விதை முற்றியிருந்தால் உழக்கு கனக்கும், சோடையாக இருந்தால் எடை சொல்லிவிடும். விரலால் அமுக்கினால் காய் திரும்ப எழும்ப வேண்டும். உரித்தால் விதை கறுப்பாக, விரலில் பசை போல ஒட்ட வேண்டும். கடைசியில்தான் மூக்கு. உரித்ததும் ஒரு தடவை முகர்ந்து, இரண்டு விதையை மென்று, நூறு எண்ணும்வரை வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

"மொதல்ல வர்ற வாசத்தை நம்பாதலே" என்பார் அண்ணாச்சி. "அது வாசல்ல நிக்கிற ஆளு. வீட்டுக்காரன் பெறவுதான் வருவான்."

பத்துத் தட்டுக்கு ஒருதரம், துவைத்து உலர்த்திய பருத்தித் துணியை முகர்ந்துகொள்வோம். மூக்குக்கு அது வெறும் தண்ணீர் குடித்த மாதிரி. இத்தனையும் ஆன பிறகும் அண்ணாச்சி விலை எழுதமாட்டார். ஒரு காயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போவார். வந்து அதை மறுபடி முகர்ந்துவிட்டுத்தான் பென்சிலை எடுப்பார். இந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. இன்றைக்கும் என் சட்டைப் பையில் ஒரு காய் கிடக்கும்.

விற்பது துண்டுக்குள். வாங்குகிறவரின் கையையும் அண்ணாச்சியின் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். உள்ளே விரல்கள் விலை பேசும். சுற்றி நிற்பவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும். அண்ணாச்சியின் முகத்தில் ஒன்றும் தெரியாது.

ஆனால் ஒரு சரக்குக்கு மட்டும் துண்டு கிடையாது. அது குருவிப்பாறைக் காய்.

போடிக்கு மேலே மலையில் சின்னத் தோட்டம் அது. பெரிய எஸ்டேட்காரர்கள் அதைத் தோட்டம் என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்கள். சொந்தக்காரர் ராமையா. வருடத்துக்குப் பன்னிரண்டு மரப்பெட்டிகள் அனுப்புவார், ஒன்று கூடாது, குறையாது. உள்ளே நீலக் காகிதம் ஒட்டி, நிறம் போகாமல் மூடியிருக்கும். உரித்தால் முதலில் ஒரு குளிர்ச்சி வரும். பிறகு முற்றிய எலுமிச்சைத் தோலின் வாசம். அதெல்லாம் நல்ல காய் எதிலும் வரும். நூறு எண்ணி முடிக்கும்போது, பால் காய்ச்சும் வீட்டுக்குள் நுழைந்தது மாதிரி ஒரு இனிப்பு எழும்பும். அது குருவிப்பாறைக்கு மட்டும்தான். பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் அதற்காகக் கடிதம் எழுதுவார்கள். எத்தனை பேர் கேட்டாலும் பெட்டி பன்னிரண்டுதான்.

அதற்கு அண்ணாச்சி முதலில் விலையைச் சொல்லிவிடுவார். சந்தையில் கிடைக்கக்கூடியதைவிட அது எப்போதும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். பிறகு பட்டியலை எடுப்பார். அதில் இருபத்திரண்டு பேர். பழைய வாடிக்கை எவ்வளவு காலம், விலை விழுந்து கிடந்த வருடத்தில் நம்முடைய சாதாரணச் சரக்கை எடுத்தாரா, வாங்கியதை என்ன செய்கிறார் என்று பார்த்து ஒவ்வொரு பெயருக்கும் இத்தனை ராத்தல் என்று எழுதுவார். ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வாங்கியதை அப்படியே அடுத்தவனுக்குக் கூடுதல் விலைக்குத் தள்ளிவிட்டவர் பெயரை அடுத்த வருடம் அடித்துவிடுவார்.

இதை ஏலத்தில் விட்டால் இன்னும் கிடைக்குமே என்று நான் ஒருதரம் கேட்டேன்.

"கிடைக்கும்லே. ஒருத்தன் வாங்குவான், இருபத்தொரு பேருக்குக் கோவம் வரும். மத்த ஆயிரம் மூட்டையை நான் யாருகிட்ட விக்கிறது?"

பட்டியலில் கடைசிப் பெயர் சாத்தூர் கணபதி. கல்யாணச் சமையல்காரர். வருடத்துக்கு இரண்டே ராத்தல். மதுரை வியாபாரி ஒருவர், இந்தத் தவசுப்பிள்ளையும் நானும் ஒரே பட்டியலா என்று குறைப்பட்டுக்கொண்டார். கணபதியின் பந்தியில் பாயசம் குடிக்கிற ஆயிரம் பேர் இது எங்கே வாங்கிய ஏலக்காய் என்று கேட்கிறார்கள், உம்முடைய பங்கு உம்ம கிட்டங்கியிலேயே கிடக்கிறது என்று அண்ணாச்சி பதில் சொன்னார்.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன். ஐம்பதுகளின் கடைசி. மலையில் மழை பொய்த்து, எல்லாத் தோட்டத்திலும் காய் பாதிக்குப் பாதிதான். விலை நாளுக்கு நாள் ஏறியது. பம்பாய்க் கம்பெனி ஒன்றின் ஏஜெண்ட் மதுரையில் தங்கியிருந்து மண்டி மண்டியாக ஏறி இறங்கினார். எல்லோரும் அவரைச் சேட்டு என்போம். குருவிப்பாறைப் பெட்டி பன்னிரண்டையும் தனக்கே கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

பொங்கல் கழிந்து பெட்டிகள் வந்து இறங்கின. மழை இல்லாத வருடத்திலும் பன்னிரண்டு. எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். ஆனால் அன்றைக்கு அண்ணாச்சிக்கு ஜலதோஷம். அவருக்கு ஜலதோஷம் வந்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மூக்கு தக்காளிப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. வீட்டில் நொச்சி இலை போட்டு ஆவி பிடித்துவிட்டு வந்திருந்தார். நொச்சி வாசத்தோடு அறைக்குள் வரத் தன்னுடைய சட்டப்படி தனக்கே அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டு, அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பார்க்கவேண்டியது நான் மட்டும்.

நிறம் அருமை. சல்லடையில் நின்றது. உழக்கு கனத்தது. விதை கறுப்பு. உரித்து முகர்ந்தேன். குளிர்ச்சி வந்தது, எலுமிச்சைத் தோல் வந்தது. இரண்டு விதையை மென்று நூறு எண்ணினேன். வாசல் ஆள் நின்றான். வீட்டுக்காரன் வரவே இல்லை.

அடுத்த பெட்டி. அதற்கடுத்தது. துணியை முகர்ந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். பன்னிரண்டையும் பார்த்து முடித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. ராமையாவுக்கும் அண்ணாச்சிக்கும் பதினைந்து வருடப் பழக்கம். நான் சொல்வது தப்பென்றால் ஒரு நல்ல மனிதரைத் திருடன் என்றதாக ஆகும். எனக்கும் அந்த மாடியில் வேலை இருக்காது. சொல்லாமல் விட்டால் இருபத்திரண்டு பேருக்கு வேறு காயைக் குருவிப்பாறை என்று கொடுத்ததாகும்.

வெளியே வந்து, அண்ணாச்சி, இது குருவிப்பாறைக் காய் இல்லை என்றேன்.

அவர் மூக்கைச் சிந்திவிட்டு என்னையே பார்த்தார்.

"எனக்கு இன்னிக்குப் பெருங்காயமும் ஒண்ணுதான், பன்னீரும் ஒண்ணுதான். ஒன் மூக்கை வச்சுத்தான் நான் பேசணும். நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான் அண்ணாச்சி. நல்ல காய். ஆனா அது இல்ல."

அவர் சாத்தூருக்கு ஆள் அனுப்பி, கணபதியைக் கையோடு கூட்டிவரச் சொன்னார். கணபதி வருவதற்குள் சேட்டு வந்துவிட்டார்.

பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு காயை உரித்து, கண்ணை மூடி முகர்ந்து, இந்த வாசம் வேறு எந்த மலையில் உண்டு என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சேட்டு தன் துண்டை எடுத்து அண்ணாச்சியின் கைமேல் போட்டார். அண்ணாச்சி வழக்கமாக வைக்கும் விலை ராத்தலுக்குப் பதினொரு ரூபாய். துண்டுக்குள் சேட்டு பிடித்தது பதினேழு. இதை அண்ணாச்சி பிற்பாடுதான் என்னிடம் சொன்னார். பன்னிரண்டு பெட்டியும் அந்த விலைக்கு, அந்த நிமிடமே. ஆம் என்று ஒரு விரலை மடக்கினால் போதும்.

அண்ணாச்சி கையை வெளியே எடுத்துவிட்டார். இன்னும் பட்டியல் போடவில்லை, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார். வேறு யாரோ கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள் என்று சேட்டு நினைத்துக்கொண்டு, மாடிப்படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்துப் பதினெட்டு என்று வாயாலேயே சொல்லிவிட்டுப் போனார். வாங்க வந்தவர்களில், துண்டு இல்லாமல் அந்த மண்டியில் விலை சொன்ன முதல் ஆள் அவர்தான்.

கணபதி மூன்று மணி பஸ்ஸில் வந்தார். காயை முகரக்கூட இல்லை. கீழே காப்பி போடும் இடத்துக்குப் போய், அரைப் படி பால் வாங்கிக் காய்ச்சி, நாலு காயைத் தட்டிப் போட்டு, ஆற்றி, ஒரு மடக்குக் குடித்தார். இன்னொரு மடக்கு குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்ல காய்தான் அண்ணாச்சி. குத்தம் சொல்ல முடியாது. ஆனா இது நம்ம காய் இல்ல."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, காலை ரயிலுக்குப் புறப்படு என்றார். அங்கே போய் என்ன கேட்க வேண்டும் என்று நான் விசாரித்தேன். ஒன்றும் கேட்காதே, என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு வா, ராமையா மனசு நோகக்கூடாது என்றார்.

மதுரை போய், போடி ரயில் பிடித்து, விறகு லாரியில் மலையேறி, மிச்சத்தை நடந்தேன். ஏலத்தோட்டத்துக்குள் நான் போனது அதுதான் முதல்தடவை. அதுவரை எனக்கு ஏலக்காய் என்றால் தட்டில் கிடப்பது. பெரிய மர நிழலில், ஆள் உயரச் செடிகளின் காலடியில் மண்ணோடு மண்ணாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும் காயைப் பார்த்ததும் குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். அதை எழுதும்போது இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அத்தனை வருடம் விலை வைத்தவன், மணமகளை முதல்தடவை பார்க்கிற மாப்பிள்ளை மாதிரி நின்றேன்.

ராமையா என்னைப் பார்த்ததும் வெளுத்துப்போனார். வாங்க தம்பி என்று சொல்லிவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குள் கட்டிலில் அவர் மனைவி காமாட்சியம்மாள் படுத்திருந்தார். ஐப்பசியில் பெய்த கொஞ்ச மழையில் பாறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். மூன்று மாதமாகப் படுக்கை. விருதுநகர் மண்டி ஆள் என்றதும் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"வாங்க தம்பி. நான் ஏழாயிரம்பண்ணைக்காரி. நம்ம ஊருப் பேச்சைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு. காயெல்லாம் வந்து சேந்துச்சா? இந்தத் தடவை எப்படி இருந்துச்சு?"

அவர் முதுகுக்குப் பின்னால் ராமையா இரண்டு கையையும் கூப்பி நின்றார். எனக்கு விளங்கிவிட்டது. என்ன நடந்ததோ, அது இந்த அம்மாவுக்குத் தெரியாது. கட்டிலில் கிடக்கிறவர் முன்னால் அவர் புருஷனைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை. நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டேன். விலை மதிப்பாளனாக நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

காமாட்சியம்மாள் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார்.

"சட்டைப் பையில காய் வச்சிருக்கீகளே, அதைக் குடுங்க."

நான் நின்ற வாசலிலிருந்து கட்டில்வரை எட்டு அடி தூரம், அதைத் தாண்டி அவருக்கு வாசம் எட்டியிருக்கிறது. வந்த பெட்டியிலிருந்து எடுத்து வழக்கம்போல் பையில் போட்டிருந்த ஒற்றைக் காயை எடுத்துக் கொடுத்தேன். உரிக்காமலேயே அதை மூக்கடியில் பிடித்தார்.

"இது கீழ்ப்பாறைக்காரக வீட்டுக் காய். அவுக பச்சை வெறகை எரிப்பாக." பிறகு திரும்பாமலேயே, "ஏங்க, நம்ம காய் எங்க?" என்றார்.

ராமையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மலையில் ஏலக்காயைக் காயவைப்பதற்கு ஒரு வீடு உண்டு, ஸ்டோர் என்பார்கள். கீழே விறகு எரியும், இரும்புக் குழாய் வழியாகச் சூடு போகும், மேலே அடுக்கடுக்கான தட்டுகளில் காய் பரப்பியிருக்கும். செடியைப் பார்த்துக்கொண்டது ராமையா. ஆனால் அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டது கல்யாணமான நாளிலிருந்து காமாட்சியம்மாள்தான். எப்போது விறகைத் தள்ளுவது, எப்போது இழுப்பது, எந்த ஜன்னலைத் திறப்பது எல்லாம் அவர் மூக்குக்குத்தான் தெரியும். அவர் படுத்துவிட்டதும் ராமையாவே நெருப்பு மூட்டினார். பயத்தில் அதிகமாக மூட்டிவிட்டார். பச்சையாக இருக்கவேண்டிய காய் பழுப்பாக வெளியே வந்தது. மழை பொய்த்த வருடத்தில் கிடைத்த கொஞ்சமும் போயிற்று. ஒரு வருடம் பெட்டி வராவிட்டால் பட்டியலில் இருப்பவர்கள் வேறு காய்க்குப் போய்விடுவார்கள், மனைவி இத்தனை வருடம் காப்பாற்றிய பெயர் கெட்டுவிடும் என்று பயந்து, கீழ்ப்பாறைத் தோட்டத்தில் கடனுக்குக் காய் வாங்கிப் பன்னிரண்டு பெட்டியை நிரப்பியிருக்கிறார். கருகிய காயைப் பரணில் ஒளித்து வைத்திருந்தார்.

சொல்லி முடித்துவிட்டு அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். காமாட்சியம்மாள் அவரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கால் வலிக்க வலிக்கச் சிரித்தார்.

"அடுப்புல கஞ்சி வச்சாலே அடிப்பிடிக்க விடுறவரு, ஸ்டோருக்கு நெருப்பு மூட்டுனீகளாக்கும்."

அந்தச் சிரிப்பில் எனக்கும் மூச்சு வந்தது. ராமையாவும் துண்டை விலக்கிவிட்டு அசடு வழியச் சிரித்தார்.

பரணில் இருந்ததைக் கொண்டுவரச் சொன்னார் அந்த அம்மா. ராமையாவும் நானும் சாக்கு சாக்காக இறக்கிக் கட்டில் முன்னால் வைத்தோம். பழுப்பேறிய காய். எந்த மண்டியிலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் ஒவ்வொரு சாக்கிலும் கைவிட்டு முகர்ந்தார். இது செத்துப்போச்சு, இதுவும் செத்துப்போச்சு என்று ஒதுக்கிக்கொண்டே வந்தவர், இரண்டு சாக்கில் கையை நிறுத்தினார். ஒன்றை உரித்து எனக்குக் கொடுத்தார். மென்று நூறு எண்ணினேன். எண்பது தாண்டியதும் பால் காய்ச்சும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். நிறம் போயிருந்தது, வாசம் போகவில்லை. மூன்று பெட்டிக்குத் தேறியது.

காலையில் புறப்படும் முன் ஸ்டோரைப் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து காமாட்சியம்மாளிடம், எப்படிச் சூடு பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, முதலில் பச்சை இலை வாசம் வரும், அது போய் ஈரத்துணி வாசம் வரும்போது ஜன்னலைத் திறக்க வேண்டும், தாமதித்தால் வெந்துபோகும் என்றார். அம்புட்டுத்தான் தம்பி, இதுல என்ன இருக்கு என்றார்.

விருதுநகர் திரும்பி அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். அவர் தொடையைத் தட்டிச் சிரித்து, சிரித்ததில் தும்மி, தும்மியதில் மூக்கடைப்பு விட்டுப்போயிற்று.

"பதினஞ்சு வருசமா ராமையாவுக்கு மாலை போட்டுக்கிட்டிருக்கேன்லே. நெருப்பு அந்தம்மா கையில இருந்திருக்கு."

வெள்ளிக்கிழமை சேட்டு வந்தபோது, நீங்கள் அன்றைக்கு முகர்ந்தது கீழ்ப்பாறைக் காய் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். சேட்டு ஒரு காயை உரித்து மறுபடி முகர்ந்து பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டு, இது மட்டும் பம்பாய்க்குத் தெரியவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பன்னிரண்டு பெட்டியும் கீழ்ப்பாறை என்ற சொந்தப் பெயரில் துண்டுக்குள் போயின. பதிமூன்றுக்கு முடிந்தது. வாங்கியது சேட்டுதான். கீழ்ப்பாறைக்காரர் கடன் அடைந்தது, அவருக்கும் நல்ல பெயர்.

மூன்று பெட்டிக்குத்தான் தலையைப் பிய்த்துக்கொண்டோம். இருபத்திரண்டு பேருக்கும் அண்ணாச்சி சொல்லச் சொல்ல நான் கார்டு எழுதினேன். இந்த வருடம் குருவிப்பாறை மூன்றே பெட்டி, நிறம் பழுப்பு, வாசம் குறைவில்லை, ராத்தல் ஆறு ரூபாய், கடையில் கண்ணுக்குக் காட்டி விற்பவர்களுக்கு உதவாது, சமைப்பவர்களுக்கு முதலிடம். வழக்கமாகக் கடைசியில் நின்ற சாத்தூர் கணபதிக்கு அந்த வருடம் நாற்பது ராத்தல். பாயசத்துக்குள் போன பிறகு பச்சை என்ன, பழுப்பு என்ன என்றார் அவர். குறைப்பட்ட மதுரை வியாபாரிக்கு ஒன்றுமில்லை. அவர் அடுத்த வாரமே வந்து, வீட்டில் ஒரு கல்யாணம் வைத்திருக்கிறேன், சமையலுக்கென்று எழுதிக்கொள்ளுங்கள் என்று ஐந்து ராத்தல் வாங்கிப் போனார். அந்தக் கல்யாணத்துக்குச் சமைத்ததும் கணபதிதான்.

அடுத்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. பொங்கல் கழிந்து ஒரு காலை நேரம், மண்டி வாசலில் லாரி நின்றது. முன் சீட்டிலிருந்து ராமையா இறங்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு காமாட்சியம்மாள் இறங்கினார். கால் கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் நடந்தார். பட்டியல் போடும் நாள் என்பதால் கணபதியும் இன்னும் ஏழெட்டு வியாபாரிகளும் இருந்தார்கள். ஏலக்காய் மாடிக்கு அதற்கு முன் எந்தப் பெண்ணும் ஏறியதில்லை. அண்ணாச்சியே கீழே வந்து, மேலே வாங்கம்மா என்று கூப்பிட்டார். ஏறும் முன் அந்த அம்மா தொட்டியில் முகம் கழுவிக்கொண்டார். சட்டத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பன்னிரண்டு பெட்டி. நான் பார்த்தேன், அண்ணாச்சி பார்த்தார். வீட்டுக்காரன் வந்தான். அண்ணாச்சி காதிலிருந்த பென்சிலை எடுத்து, எழுதாமல் மேசை மேல் வைத்தார். இந்த வருட விலையை நீங்களே சொல்லுங்கள் என்று காமாட்சியம்மாளிடம் சொன்னார்.

எதைச் சொன்னாலும் கொடுக்க அங்கே ஆள் இருந்தது. காமாட்சியம்மாள் தன் புருஷனிடம் வழக்கமாக என்ன விலை என்று கேட்டுக்கொண்டார்.

"பதினோரு ரூவா காய்க்கு. அது இருக்கட்டும். நெருப்புக்கு ஒரு ரூவா சேத்து பன்னெண்டுன்னு போடுங்க."

அண்ணாச்சி பன்னிரண்டு என்று எழுதினார். பட்டியலை எடுத்து முதல் பெயரைப் படிக்கப் போனபோது அந்த அம்மா கையைக் காட்டினார்.

"எனக்கு ரெண்டு ராத்தல் வேணும். பெட்டிக்குள்ள போற காயை வீட்டுல எடுத்ததே இல்ல. வெடிச்சது, சொத்தை, அதைத்தான் போடுவோம். நானும் காசு குடுத்தே வாங்கிக்கிடுறேன்."

ராமையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணாச்சி அவரைப் பார்க்கவில்லை. முதல் பெயருக்கு மேலே இருந்த இடுக்கில், குருவிப்பாறை காமாட்சியம்மாள் என்று எழுதினார். சட்டைப் பைப் பேனாவால் எழுதினார். பட்டியல் இருபத்து மூன்றாயிற்று. அண்ணாச்சி இருந்தவரை அந்தப் பெயர் அங்கேயே இருந்தது, எந்த வருடமும் கீழே இறங்கவில்லை.

ராத்தலை நான்தான் நிறுத்துக் கொடுத்தேன். கணபதி அந்தப் பொட்டலத்திலிருந்து ஒரு கைப்பிடி காயைக் கேட்டு வாங்கிக்கொண்டு கீழே போனார். பாலும் பச்சரிசியும் வெல்லமும் எங்கிருந்தோ வந்தன. ஒரு மணி நேரத்தில் வத்தல் நெடியையும் மீறிக்கொண்டு மண்டி முழுக்க அந்த வாசம். மூட்டை தூக்குகிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் படிக்கட்டடியில் வந்து நின்றார்கள்.

முதல் டம்ளர் பாயசத்தைக் கணபதி தன் கையால் கொண்டுவந்து காமாட்சியம்மாளிடம் கொடுத்தார். அந்த அம்மா ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். அவரும் நூறு எண்ணுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது புருஷனைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார்.

"இம்புட்டு வருசமா இதையா ஊருக்கெல்லாம் குடுத்துக்கிட்டிருந்தேன்?"

இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.